குளிர் பிளாஸ்மா: பூஞ்சையை எப்படிக் கொல்கிறது, எங்கே கொல்லாது

ஏர்கோன் வாங்கப் போனால் பெட்டியில் 'பிளாஸ்மா' என்று போட்டிருக்கிறது. காற்றைச் சுத்தம் செய்யும் கருவியிலும் அதே சொல். அழகு நிலையத்தில் மரு எடுக்கும் பேனாவும் பிளாஸ்மா பேனாதான். இத்தனைக்கும் நடுவே, 'குளிர் பிளாஸ்மா பட்டால் எந்தப் பூஞ்சையும் செத்துவிடும், மருந்தே வேண்டாம்' என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புறப் பட்டணத்தில் இந்தப் பேச்சுக்குக் காது கொடுக்காதவர் இருக்க முடியாது. இங்கே காற்றில் ஈரம் ஓய்வதே இல்லை. அடைமழைக்குச் சாக்கில் கிடக்கும் காய்ந்த மிளகாய் பூசணம் பிடிக்கும். நாள் முழுக்க ரப்பர் பூட்ஸ் போட்டுச் செம்பனைக் குலை அறுப்பவருக்குக் கால் விரலிடுக்கில் சேற்றுப்புண். முதுகில் பானாவ் என்ற தேமல். தோட்டத்துக்குள் போனால் செம்பனை அடிமரத்தை அழுக வைக்கும் கனோடெர்மா. எல்லாமே பூஞ்சை வகைதான். ஆனால் ஒரே கருவி எல்லாவற்றையும் தீர்க்காது. சிலவற்றைத் தீர்க்கும், அதுவும் சில நிபந்தனைகளோடு. அது வேலை செய்யும் விதம் விளங்கிவிட்டால், எது முடியும் எது முடியாது என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.

பிளாஸ்மா என்றால் என்ன

காற்றில் இருப்பது பெரும்பாலும் நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகள். அவற்றின் மேல் போதிய மின்னழுத்தம் கொடுத்தால் சில மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். எலக்ட்ரானை இழந்து மின்னூட்டத்தோடு நிற்கும் மூலக்கூறுக்கு அயனி என்று பெயர். இப்படித் தனி எலக்ட்ரானும் அயனியும் கலந்து கிடக்கும் வாயுதான் பிளாஸ்மா. மின்னல் ஒரு பிளாஸ்மா. சூரியன் ஒரு பிளாஸ்மா. எரிந்துகொண்டிருக்கும் டியூப் லைட்டின் உள்ளேயும் பிளாஸ்மாதான். 1879இல் வில்லியம் குரூக்ஸ் இதைப் பருப்பொருளின் தனி நிலையாகப் பேசினார். 1928இல் இர்விங் லாங்மூர் இப்போதுள்ள பெயரை வைத்தார். இரத்தத்தில் உள்ள பிளாஸ்மாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மின்னல் சுடும், இது ஏன் சுடாது

தீபாவளிக்குக் கொளுத்தும் கம்பி மத்தாப்பின் பொறி ஆயிரம் டிகிரியைத் தொடும். ஆனாலும் ஒரு பொறி புறங்கையில் விழுந்தால் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். பொறியின் சூடு அதிகம், ஆனால் எடை ஒன்றுமில்லை என்பதால் அது சுமந்து வரும் வெப்பமும் கொஞ்சம். அதே கம்பியின் சிவந்த முனையைத் தொட்டால் கதை வேறு.

குளிர் பிளாஸ்மாவில் எலக்ட்ரான்கள் அந்தப் பொறி மாதிரி. அவற்றின் வெப்பநிலை பத்தாயிரம் டிகிரிக்கு மேல். ஆனால் ஒரு நைட்ரஜன் மூலக்கூறு ஓர் எலக்ட்ரானைவிட ஏறத்தாழ 50,000 மடங்கு கனம். எலக்ட்ரான் ஒன்று வந்து மோதினால் மூலக்கூறு அசைவது மிக மிகக் கொஞ்சம், சூடும் ஏறுவதாகவே தெரியாது. ஆனால் சில மோதல்களில் மூலக்கூறு உடையும், அல்லது அதன் எலக்ட்ரான் கழன்று வரும். ஆக எலக்ட்ரான் கொதிக்கும், வாயு 30, 40 டிகிரியில் நிற்கும். 'குளிர்' என்பது இந்த அளவைத்தான் குறிக்கிறது. ஐஸ் மாதிரி சில்லென்று இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இதில் ஒரு சிக்கல். மின்சாரத்தை விட்டுக்கொண்டே இருந்தால் கோடிக்கணக்கான மோதலில் வாயுவும் சூடேறி, வெல்டிங் பட்டறையில் பார்க்கும் மின்வில்லாக மாறிவிடும். அதனால் ஒவ்வொரு மின்துடிப்பையும் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்திலேயே அறுக்க வேண்டும். கருவியின் தந்திரம் முழுவதும் இந்த அறுப்பதில்தான் இருக்கிறது.

இதுவரை சொன்னது: பிளாஸ்மா என்பது மின்சாரம் பாய்ந்து எலக்ட்ரான் பிரிந்த வாயு. எலக்ட்ரான் மட்டும் சூடாக, வாயு கைச்சூட்டில் இருந்தால் அது குளிர் பிளாஸ்மா.

கருவிக்குள்ளே

இரண்டு வகை அதிகம் பயன்படுகின்றன.

முதலாவது தடுப்பு வகை. இரண்டு உலோகத் தகடுகள், நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி. ஒரு தகட்டின் மேல் 1 அல்லது 2 மில்லிமீட்டர் தடிமனில் கண்ணாடி, குவார்ட்ஸ் அல்லது பீங்கான். காற்று உடைந்து மின்சாரம் பாய ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 3 கிலோவோல்ட் வேண்டும் என்பதால், இதற்கு 5 முதல் 20 கிலோவோல்ட் வரை மாறுமின்னோட்டம் கொடுப்பார்கள். மின்சாரம் பாயத் தொடங்கியதும் கண்ணாடியின் மேல் மின்னூட்டம் சேர்ந்து, அந்தச் சேர்ந்த மின்னூட்டமே பாய்ச்சலை நிறுத்திவிடும். மின்திசை மாறும்போது மறுபடி பாயும், மறுபடி நிற்கும். 1857இல் வெர்னர் ஃபான் சீமென்ஸ் ஓசோன் தயாரிக்கச் செய்த ஏற்பாடு இதுதான். இன்றுள்ள கருவிகள் அதன் பேரப்பிள்ளைகள். கண்ணாடியில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் மின்சாரம் முழுவதும் அந்த ஒரே இடத்தில் பாய்ந்து பொருளைக் கருக்கிவிடும். வரக்கூடிய பழுதுகளில் இதுவும் ஒன்று.

இரண்டாவது பீச்சு வகை. ஒரு குவார்ட்ஸ் அல்லது பீங்கான் குழாய், நடுவில் ஊசி மாதிரி மின்முனை. நிமிடத்துக்குச் சில லிட்டர் ஆர்கான் வாயு உள்ளே போய், முனையில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஊதா நிறக் கீற்றாக வெளிவரும். ஆர்கானோ ஹீலியமோ போடுவதற்குக் காரணம், அவற்றில் பிளாஸ்மா சுலபமாகவும் அமைதியாகவும் பிடிக்கும் என்பதே. வாயு ஓட்டம் குறைந்தால் கீற்று சுருங்கிச் சூடேறும். சிலிண்டர் வாங்கும் செலவும் இதில் உண்டு.

அழகு நிலையத்துப் பேனா இந்த இரண்டிலும் சேராது. அது தோலுக்கும் முனைக்கும் நடுவே பொறி பறக்கவிட்டுத் தோலைச் சுட்டு எடுக்கிறது. அதைக் காட்டி 'பூஞ்சைக்கும் நல்லது' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

உண்மையில் கொல்வது எது

சூடு கொல்லவில்லை. ஷாக்கும் இல்லை. கதிரியக்கம் என்று பயப்படுகிறவர்களும் உண்டு, அதுவும் இல்லை. கொல்வது, காற்றிலிருந்தே அந்த இடத்தில் பிறக்கும் வேதிப்பொருள்கள்.

சூடான எலக்ட்ரான் ஆக்சிஜன் மூலக்கூறை இரண்டாக உடைக்கிறது. தனித்து நிற்கும் ஆக்சிஜன் அணு இன்னோர் ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்தால் ஓசோன். காற்றிலுள்ள நீராவி உடைந்தால் ஹைட்ராக்சில். இப்படிச் சோடியில்லாத எலக்ட்ரானோடு அலைந்து, கண்டதைக் கவ்விக்கொள்ளும் துண்டுக்கு ரேடிக்கல் என்று பெயர். இரண்டு ஹைட்ராக்சில் சேர்ந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு. நைட்ரஜன் பங்குக்கு நைட்ரிக் ஆக்சைடும் நைட்ரஜன் டை ஆக்சைடும் வரும். கொஞ்சம் புறஊதாக் கதிரும் சேரும், ஆனால் சாதாரணக் காற்றில் இயங்கும் கருவிகளில் அதன் பங்கு சிறியது.

இவற்றின் ஆயுள்தான் முக்கியம். ஹைட்ராக்சில் கண் இமைப்பதற்கு எவ்வளவோ முன்பே தீர்ந்துவிடும். அது பிறந்த இடத்தின் பக்கத்தில் பூஞ்சை இருந்தால்தான் உண்டு. ஓசோனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் நிமிடக் கணக்கில், சில சமயம் மணிக் கணக்கில் நிற்கும், கொஞ்சம் பரவவும் செய்யும், ஆனால் அவற்றின் அடி மென்மையானது. அதனால்தான் 5 மில்லிமீட்டர் தூரத்தில் நன்றாகக் கொல்லும் கருவி 5 சென்டிமீட்டரில் சும்மா ஊதிக்கொண்டிருக்கும்.

மின்திறனைக் கூட்டினால் கொல்லும் வேகமும் கூடும் என்று நினைப்பது இயல்பு. தடுப்பு வகையில் ஓர் அளவுக்கு மேல் கூட்டினால் நைட்ரஜன் ஆக்சைடுகள் பெருகி, இருக்கும் ஓசோனையும் தின்றுவிடும். ஓசோனை நம்பி அமைத்த வேலை அங்கே படுத்துவிடும். ஈரக் காற்றும் இப்படித்தான் கணக்கைத் திருப்பும்: ஓசோன் குறையும், ஹைட்ராக்சில் கூடும். குளிர் நாட்டின் காய்ந்த காற்றில் சரிபார்த்த நேர அளவை நம் ஊர் ஈரத்தில் அப்படியே பயன்படுத்தக் கூடாது. இங்கே மறுபடி சரிபார்க்க வேண்டும்.

ஈஸ்டும் பூசணமும் ஏன் கெட்டி

ஈஸ்ட் என்பது ஒரே செல்லாக வாழும் பூஞ்சை. கள்ளைச் சில மணி நேரத்தில் புளிக்க வைப்பது அதுதான். வாயிலும் தோல் மடிப்பிலும் வெள்ளையாகப் படரும் கேண்டிடாவும், பானாவ் உண்டாக்கும் மலசீசியாவும் ஈஸ்ட் வகைகளே. பூசணம் என்று நாம் சொல்வது இழை இழையாக வளர்ந்து, தூளாக வித்து விடும் வகை.

பாக்டீரியா ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர். ஈஸ்ட் அதைப் போல் ஐந்து, பத்து மடங்கு. சுற்றிலும் குளூக்கான், கைட்டின் என்ற நார்ப்பொருள்கள் பின்னிய தடித்த செல்சுவர். அதற்குள் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு கலந்த சவ்வு. உள்ளே நம் செல்லில் இருப்பது போலவே உட்கரு. நம்மைப் போலவே இருப்பதால்தான் பூஞ்சை மருந்து செய்வது கடினம்: அதைக் கொல்வது நம்மையும் தொடும். உடம்புக்குள் பரவிய பூஞ்சைக்குக் கையில் உள்ள முக்கிய மருந்து வகைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அவற்றில் சிலவற்றுக்குப் பல சமயம் மசியாத கேண்டிடா ஆரிஸ் 2009இல் ஜப்பானில் அடையாளம் காணப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைப் பட்டியலில் அது முதல் வரிசையில் இருக்கிறது. பிளாஸ்மா மேல் ஆராய்ச்சியாளர்களுக்கு வந்த ஆசைக்கு இது ஒரு காரணம். மருந்து பூட்டின் ஒரு சாவித்துளையைக் குறிவைக்கும். பிளாஸ்மா பல இடத்தை ஒரே நேரத்தில் அரிக்கும் என்பதால், அதற்கு எதிர்ப்பு வளர்த்துக்கொள்வது பூஞ்சைக்கு அவ்வளவு சுலபமில்லை.

சாவு வரும் வரிசை ஏறத்தாழ இப்படி. ரேடிக்கல்கள் செல்சுவரை அரித்து ஓட்டை போடும். சவ்வின் கொழுப்பு ஆக்சிஜனேறிக் கிழியும். உள்ளிருக்கும் பொட்டாசியமும் புரதமும் வெளியே கசியும். உள்ளே நுழைந்த பெராக்சைடு நொதிகளையும் டிஎன்ஏவையும் கெடுக்கும். அடி குறைவாக இருந்தால் செல் பிழைத்துக்கொள்ளும், ஏனென்றால் பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதி ஈஸ்டிடம் உண்டு.

வித்து இன்னும் கெட்டி. கறுப்புப் பூசணத்தின் வித்தில் மெலனின் என்ற கருநிறமி இருக்கிறது. அது புறஊதாக் கதிரையும் ரேடிக்கலையும் உறிஞ்சிக்கொள்ளும். வித்துகள் குவியலாகக் கிடந்தால் மேல் அடுக்கு செத்து அடி அடுக்குக்குக் கூரையாகிவிடும். எண்ணெய், சீழ், மாவுத்தூள் எது மேலே படிந்திருந்தாலும் ரேடிக்கல் முதலில் அதைத்தான் தின்னும். ஆகவே துடைத்துவிட்டுப் போடுவது பாதி வேலை.

சுருக்கமாக: பிறந்த இடத்திலேயே தீரும் வேதிப்பொருள்கள் மேற்பரப்பிலிருந்து அரித்துக் கொல்கின்றன. தொட்டது சாகும். மறைவில் உள்ளது பிழைக்கும்.

99.9 விழுக்காடு என்பதைப் படிக்கும் முறை

பத்து லட்சம் ஈஸ்ட் செல்லில் 99.9 விழுக்காடு செத்தால் ஆயிரம் மிஞ்சும். சாப்பாடும் ஈரமும் 30 டிகிரி வெக்கையும் இருந்தால் கள்ளில் உள்ள ஈஸ்ட் ஒன்றரை மணி நேரத்தில் இரட்டிக்கும். ஆயிரம் மறுபடி பத்து லட்சமாகப் பத்து முறை இரட்டித்தால் போதும். பதினைந்து மணி நேரம். ஆக, கொன்ற பிறகு ஈரத்தைக் குறைக்காவிட்டால் அந்த மூன்று ஒன்பதுக்கும் மதிப்பில்லை.

சோதனை எப்படி நடந்தது என்றும் பார்க்க வேண்டும். ஊட்டக்கூழ் பூசிய தட்டில் ஈஸ்டைப் பரப்பி, பிளாஸ்மா காட்டி, இரண்டு நாள் வளரவிட்டு, நடுவில் தெளிந்த வட்டத்தைப் படம் எடுப்பார்கள். படம் அழகாக இருக்கும். ஆனால் மின்சாரம் போடாமல் வாயுவை மட்டும் ஊதிய தட்டு பக்கத்தில் இல்லையென்றால், அந்த வட்டம் பிளாஸ்மாவால் வந்ததா, காற்று பட்டுக் காய்ந்ததால் வந்ததா என்று யாரும் சொல்ல முடியாது. தவிர, வழவழப்பான தட்டு வேறு, சுருங்கிய மிளகாய் வேறு.

மிளகாய், கச்சான்

உணவில் பிளாஸ்மாவுக்கு நல்ல எதிர்காலம் உண்டு என்றே சொல்லலாம். காய்ந்த மிளகாய், மிளகு, விதை, கச்சான் என்ற நிலக்கடலை இவற்றை நீராவியில் வேகவைத்தால் மணம் போகும், ஈரம் ஏறும். பிளாஸ்மா காய்ந்தபடியே மேற்பரப்பைச் சுத்தம் செய்யும். சாக்கோடு வைத்தால் நடக்காது. ஒற்றை அடுக்காகப் பரப்பி, அதிரும் தட்டிலோ சுழலும் உருளையிலோ புரட்டிக்கொண்டே சில நிமிடம் காட்ட வேண்டும். மிளகாயில் காம்படியும் சுருக்கமும்தான் பூசணம் ஒளியும் இடம். காம்பு கிள்ளியதற்கும் கிள்ளாததற்கும் பலனில் வித்தியாசம் வரும்.

கச்சானில் வேறு தொல்லை. அதன் எடையில் பாதிக்குப் பக்கம் எண்ணெய். நேரம் கூடினால் எண்ணெய் ஆக்சிஜனேறிக் காறல் வாடை வந்துவிடும். ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே என்ற கடலைத் தின்பண்டம் போடுகிறவர்களிடம் அப்படி ஒரு மூட்டையை விற்க முடியாது. குறைந்த நேரம், பிறகு ஈரம் 8 விழுக்காட்டைத் தாண்டாமல் காற்றுப் புகாத பையில் கட்டுவது, இதுதான் வழி.

இதைவிடப் பெரிய விஷயம் நஞ்சு. கச்சானிலும் மக்காச்சோளத்திலும் வரும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் அஃப்லாடாக்சின் என்ற ஈரலைக் கெடுக்கும் நஞ்சைச் சுரக்கிறது. 1988இல் நம் பேராக் மாநிலத்திலேயே நூடல்ஸ் சாப்பிட்ட 13 குழந்தைகள் இறந்த சம்பவத்தில் அஃப்லாடாக்சின்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. பூசணத்தைக் கொன்றாலும் அது ஏற்கெனவே விட்ட நஞ்சு அப்படியே இருக்கும். வறுத்தால் கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது. பிளாஸ்மா மேற்பரப்பில் உள்ள நஞ்சு மூலக்கூறையும் உடைக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். பருப்புக்குள் ஊறியதை அது எட்டாது. பூசணம் பிடித்த கச்சானைக் காப்பாற்றும் கருவியாக இதை நினைக்கவே கூடாது. கொட்டிவிடுங்கள்.

தோல், நகம், செம்பனை

புண்ணுக்கும் தோல் தொற்றுக்கும் ஐரோப்பாவில் 2013 முதல் அங்கீகாரம் பெற்ற குளிர் பிளாஸ்மா கருவிகள் உள்ளன. ஆர்கான் பீச்சு வகையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு நிமிடம் காட்டுவார்கள். நம் தோலின் மேலடுக்கு செத்த செல்களால் ஆனது என்பதால் அந்த அளவைத் தாங்கும். அளவு மீறினால் தோலும் கெடும். விரலிடுக்குச் சேற்றுப்புண்ணுக்கு இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. அரசாங்கக் கிளினிக்கில் கொடுக்கும் குளோட்ரிமசோல் களிம்பு, அரிப்பு நின்ற பிறகும் டாக்டர் சொன்ன நாள்வரை விடாமல் பூசுவது, சோடி பூட்ஸ் வைத்துக்கொண்டு ஒன்றை வெயிலில் காயவிட்டு மாற்றுவது. இதில் கடைசியைத்தான் பலர் செய்வதில்லை.

நகச்சொத்தை கடினம். பூஞ்சை நகத்தின் அடியில், அரை மில்லிமீட்டருக்கும் மேல் தடித்த தகட்டுக்குக் கீழே இருக்கிறது. நகத்தைத் தேய்த்து மெலிதாக்காமல் மேலே பிளாஸ்மா காட்டுவதால் பெரிய பயன் வராது.

செம்பனைக் கனோடெர்மாவுக்கு வழியே இல்லை. அது வேரிலும் அடிமரத்தின் உள்ளேயும் மண்ணிலும் வாழ்வது. வெளியே காளான் தட்டு தெரியும்போது உள்ளே பெரும்பகுதி அழுகியிருக்கும். மறுநடவில் பழைய அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி எடுப்பதைத் தவிர்க்க எந்தக் கருவியும் வரவில்லை.

வீட்டுக் கருவியும் ஓசோனும்

ஓசோனுக்கு அமெரிக்காவில் வேலையிடத்து வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாகப் பத்து லட்சம் பங்கு காற்றில் 0.1 பங்கு. கலிபோர்னியாவில் வீட்டுக் காற்றுக் கருவிக்கு 0.05. பூசண வித்தைக் கொல்ல அதைப் போல் பல மடங்கு தேவை. ஆகவே ஆட்கள் இருக்கும் அறையில் ஓடும் கருவி ஒன்று பாதுகாப்பாகவும் பூசணத்துக்குப் பயனற்றதாகவும் இருக்கும், அல்லது பூசணத்தோடு நம் நுரையீரலையும் அரிக்கும். ஏர்கோன் சுருளில் பிடித்த பூசணத்துக்குக் கழுவுவதுதான் மருந்து.

பழைய மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி வீட்டிலேயே பிளாஸ்மா செய்வதைக் காட்டும் வீடியோக்கள் இருக்கின்றன. அது சுமார் 2,000 வோல்ட்டில் ஆளைக் கொல்லும் மின்னோட்டம் தரும். தொட்டவரை அது ஒரு முறைகூட மன்னிக்காது.

கருவி ஓடும் அறையில் ஓசோன் கசிகிறதா என்று மூக்கை மட்டும் நம்பாதீர்கள். முதலில் சுள்ளென்று தெரியும், சிறிது நேரத்தில் மூக்குப் பழகிவிடும். பால் மரம் சீவிய ஊருக்குத் தெரிந்த பொருளே இதற்கு உதவும். இயற்கை ரப்பரை ஓசோன் கடிக்கும், அதுவும் இழுத்து நிறுத்திய ரப்பரை வேகமாகக் கடிக்கும். சாதா ரப்பர் பேண்டை ஓர் ஆணியிலிருந்து இன்னோர் ஆணிக்கு இழுத்துக் கருவிக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். அதே மாதிரி இன்னொன்றைக் கருவி இல்லாத அறையில் மாட்டுங்கள். சில நாளில் முதல் பேண்டில் மட்டும் இழுவைக்குக் குறுக்கே மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் கருவியை நிறுத்தி, சன்னல்களைத் திறந்து, அரை மணி நேரமாவது கழித்து உள்ளே போங்கள். அதன் பிறகு கருவியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.